எட்டுப் போட்ட பிறகு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கார் ஓட்டிப் பழகியவனுக்கு உலகத்தில் வேறு எந்தச் சந்தும் குறுகலாகத் தெரியாது. இரண்டு பக்கமும் மலையாளிகள் பாண்டிகசாலை என்று சொல்லும் பழைய கிடங்குகள். அரிசி, சுக்கு, மிளகு, மல்லி. நடுவில் மூட்டை இறக்கும் லாரி. லாரிக்கும் சுவருக்கும் இடையே ஒரு ஸ்கூட்டர் நுழைந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவும் நுழையப் பார்க்கும். யூதத் தெருப் பக்கம் திரும்பினால் கேமராவும் கையுமாகச் சுற்றுலாப் பயணிகள். இங்கே இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. பம்பரில் கீறல் விழும், பக்கக் கண்ணாடி போகும், வசவு பறக்கும். உயிர் போவது அரிது.

உயிர் போகிற இடம் வேறு. தோப்பும்படியைத் தாண்டி, குண்டன்னூரில் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்த பிறகுதான் கே.எல். 43 என்று தொடங்கும் மட்டாஞ்சேரி வண்டிகளுக்கு நிஜமான பரீட்சை. மழை, இருட்டு, முகப்பு விளக்கைக் கண்ணில் அடித்தபடி எதிரே வரும் பஸ். லைசென்ஸ் தேர்வில் இதெல்லாம் கேள்வியாக வருவதில்லை. பைக்குக்கு எட்டு, காருக்கு எச், பிறகு சாலையில் கொஞ்ச தூரம். கம்பிகளைத் தட்டாமல் எச் எழுத்துக்குள் முன்னும் பின்னும் போய் வந்தவன் அன்று மாலையே வீட்டில் பாயசம் குடிக்கிறான். மறுநாள் முதல் அவன் சட்டப்படி டிரைவர். அவனுக்குப் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் ஆசான் இனி இல்லை. ஆசானின் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கும் இல்லை.

இப்படி லைசென்ஸ் வாங்கிய இருபது வயதுப் பையன்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. மேற்படிப்பு மாதிரி இன்னொரு டிரைவிங் கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் காட்டினால் வண்டி இன்ஷூரன்ஸ் குறையுமா? கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. கொச்சிக் குடும்பங்களில் பிரிட்டனில் நர்ஸாக இருக்கும் அத்தையோ சித்தியோ இல்லாத வீடு குறைவு. அந்த அத்தையின் பிள்ளை அங்கே ஏதோ கோர்ஸ் போய்ப் பிரீமியத்தைக் குறைத்த கதை வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிடுகிறது.

கதை பொய்யில்லை. பிரிட்டனில் 17 வயதில் லைசென்ஸ் வாங்கும் பையன் கட்டும் ஓராண்டுப் பிரீமியம், அவன் ஓட்டும் பழைய காரின் விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு. புதிதாக ஓட்டுபவர்கள் அதிகம் மோதுகிறார்கள் என்பது அங்குள்ள கம்பெனிகளின் கணக்கு. அதனால் 1995 இல் பாஸ் பிளஸ் என்ற திட்டம் வந்தது. தேர்வில் தேறிய பிறகு குறைந்தது ஆறு மணி நேரப் பயிற்சி. ஊருக்குள், எல்லாப் பருவநிலையிலும், கிராமச் சாலையில், இரவில், நடுவே தடுப்புள்ள இருவழிச் சாலையில், மோட்டார்வேயில் என்று ஆறு பகுதிகள். முடிவில் பரீட்சைகூடக் கிடையாது, ஆசிரியர் திருப்திப்பட்டால் போதும். சான்றிதழைக் காட்டினால் பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தந்தன. இதற்கும் முன்பே, 1956 முதல், அட்வான்ஸ்டு மோட்டாரிஸ்ட்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு போலீஸ் டிரைவர்களின் பாடமுறையைப் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறது.

அங்கேயே இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிள்ளைக்குப் பிரீமியம் எகிறுகிறது என்பதால் 'நான்தான் முக்கியமாக ஓட்டுகிறேன்' என்று அப்பா பெயரில் பாலிசி எடுப்பது. பிரிட்டனில் இது மோசடி. கண்டுபிடித்தால் பாலிசியே செல்லாது. மட்டாஞ்சேரியில் இதே காரியத்தை ஊரே செய்கிறது. குற்றமில்லை, பொய்யும் இல்லை. கார் அப்பா பெயரில், பாலிசி அப்பா பெயரில், சாவி மகன் கையில். நம் பாலிசி கேட்பதெல்லாம் ஓட்டுபவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்கிறதா, உரிமையாளரின் சம்மதம் இருக்கிறதா என்பதைத்தான். அவர் லைசென்ஸ் வாங்கி ஐந்து மாதமா, முப்பது வருடமா என்று அது விசாரிப்பதில்லை.

எனவே பையனின் கேள்விக்கு ஏஜென்டின் பதில் ஒரே சொல்: குறையாது.

காரணம், இந்திய மோட்டார் இன்ஷூரன்ஸ் எஞ்சினைப் பார்க்கிறது. சட்டப்படி கட்டாயமான தர்ட் பார்ட்டி பிரீமியத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் 1 இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1000 சி.சி. வரை உள்ள சொந்தக் காருக்கு ரூ. 2,094. 1000க்கு மேல் 1500 வரை ரூ. 3,416. அதற்கும் மேலே ரூ. 7,897. பைக்கில் 350 சி.சி.யைத் தாண்டினால் ரூ. 2,804. அந்தப் பைக்கில் உட்கார்ந்திருப்பது ஐம்பது வயது வங்கி அதிகாரியா, முந்தாநாள் எட்டுப் போட்ட கல்லூரி மாணவனா என்பதைப் பற்றிப் பட்டியலுக்குக் கவலையில்லை.

பட்டியலில் சலுகையே இல்லை என்று நினைக்க வேண்டாம். மின்சார வண்டிக்கு 15 சதவீதம் தள்ளுபடி. ஹைப்ரிடுக்கு ஏழரை. பதிவு பெற்ற பழம்பெரும் கார்களுக்குப் பாதிக்குப் பாதி.

பாலிசியின் இன்னொரு பகுதி, நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கானது. அதற்கும் நெடுங்காலம் அரசு டாரிஃப்தான் இருந்தது. 2002 இன் இந்திய மோட்டார் டாரிஃப் வண்டியின் மதிப்பு, சி.சி., வயது ஆகியவற்றோடு அது பதிவான ஊரையும் பார்த்தது. சென்னை, மும்பை, பெங்களூர் போன்ற எட்டு நகரங்கள் ஒரு மண்டலம். கொச்சி உள்பட மற்றதெல்லாம் இன்னொரு மண்டலம், கட்டணம் சற்றுக் குறைவு. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் இரண்டரை சதவீதம், அதிகபட்சம் ரூ. 500 தள்ளுபடி. ஆட்டோமொபைல் சங்கத்தில் உறுப்பினரானால் காருக்கு 5 சதவீதம், ரூ. 200க்கு மிகாமல். பூட்டுக்கு உண்டு, சங்கச் சந்தாவுக்கு உண்டு. ஓட்டக் கற்றுக்கொண்டதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

மனிதரைப் பார்க்கும் ஒரே அம்சம் நோ க்ளெய்ம் போனஸ். ஓராண்டு இழப்பீடு கேட்காமல் இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு. பிறகு 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது ஆண்டில் 50. இது வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. காரை விற்றுப் புதுக் கார் வாங்கினாலும் கூடவே வரும். ஆனால் இதுவும் அப்பாவின் சேமிப்புதான். ஐந்து வருடம் பஜார் ரோட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டி அவர் சேர்த்த 50 சதவீதத்தை மகன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்த்துவிடலாம். மட்டாஞ்சேரி வீடுகளில் சின்னச் சின்ன நசுங்கல்களை ஏன் கம்பெனிக்குச் சொல்லாமல் தெருமுனைப் பட்டறையில் சரிசெய்துகொள்கிறார்கள் என்பதற்கு விளக்கம் இதுதான்.

பிரீமியத்தை விட்டுவிட்டு விபத்துக்கு வருவோம். கொச்சியிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில், ஆலப்புழை களர்கோட்டில் 2024 டிசம்பர் 2 ஆம் தேதி இரவு நடந்ததைக் கேரளம் எளிதில் மறக்காது. வண்டானம் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் 11 பேர் ஒரே காரில். சினிமாவுக்குப் போகும் வழி. கடும் மழை. கார் கட்டுப்பாடு இழந்து எதிரே வந்த கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் மோதியது. ஐந்து பேர் அன்றே இறந்தார்கள். ஆறாவது மாணவர் சில நாட்களில். மோட்டார் வாகனத் துறை அடுக்கிய காரணங்கள்: மழை, அளவுக்கு மீறிய ஆட்கள், பழைய வண்டி, ஓட்டியவரின் அனுபவக் குறைவு. அந்த மாணவர் லைசென்ஸ் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

சட்டம் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித் தந்துவிட்டதாகவே கருதும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி டிரைவிங் ஸ்கூலில் கார் பயிற்சி 21 நாட்களுக்குக் குறையக் கூடாது. கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டிய நேரம் குறைந்தது 10 மணி. 2021 ஜூலை 1 முதல் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்கள் என்று ஒரு புது வகை வந்தது. அங்கே 29 மணி நேரப் பாடம், அதில் 21 மணி நேரம் செய்முறை. முடித்தவருக்கு ஆர்.டி.ஓ. தேர்விலிருந்தே விலக்கு. பத்து எங்கே, இருபத்தொன்று எங்கே. ஆனாலும் இரண்டுமே லைசென்ஸ் வரைக்கும்தான். அதற்கு அப்புறம் என்ன என்று கேட்டால் புத்தகத்தில் பக்கம் காலி.

முழுக்கக் காலி என்றும் சொல்ல முடியாது. லைசென்ஸ் வாங்கியவருக்கு மறுபடி பாடம் நடத்தும் ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பெட்ரோல், ரசாயனம் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரி டிரைவர்களுக்கு. கொச்சி அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து டேங்கர் எடுப்பவர் மூன்று நாள் பயிற்சி முடித்த சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கேரளத்தில் இதை நடத்துவதில் திருவனந்தபுரத்து நாட்பாக் நிறுவனத்துக்கு நீண்ட அனுபவம். இரண்டாவது, தப்பு செய்தவர்களுக்கு. லைசென்ஸ் முடக்கப்பட்டவர் புத்தாக்கப் பயிற்சி முடித்தாக வேண்டும் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. மலப்புறம் மாவட்டம் எடப்பாளில் இதற்கெல்லாம் வசதியுள்ள டிரைவர் பயிற்சி, ஆய்வு நிலையம் இருக்கிறது. ஆக, பிரிட்டிஷ் பையனுக்குப் பரிசாக வந்த இரண்டாவது பாடம், நம் பையனுக்குத் தண்டனையாக மட்டுமே வரும். அதுவும் மோதின பிறகு.

ஆர்வமுள்ளவர்கள் சொந்தச் செலவில் தேடிப் போகிறார்கள். கொச்சியிலிருந்து நான்கைந்து மணி நேரத்தில் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே. இன்னும் போனால் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. பைக்கைச் சாய்த்து வளைவது எப்படி, வேகத்தில் பிரேக் பிடிப்பது எப்படி என்று ஓடுகளத்தில் கற்றுத்தரும் பயிற்சிகளுக்கு இளைஞர்கள் போவது பல ஆண்டுகளாக நடக்கிறது. கற்பதில் தப்பில்லை. ஆனால் பாலிசியைப் பின்பக்கம் திருப்பிப் படிக்க வேண்டும். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இந்த வண்டியைப் பயன்படுத்தினால் பாதுகாப்பு கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கும். ஓடுகளத்தில் விழுந்தால் பழுது பார்க்கும் செலவு அநேகமாகச் சொந்தப் பையிலிருந்துதான்.

சரி, நம் கம்பெனிகளும் சான்றிதழுக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்று கோரிவிடலாமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. லைசென்ஸுக்குப் பிந்தைய பயிற்சியால் விபத்து குறைகிறதா என்று 24 சோதனைகளைத் திரட்டி 2000களின் தொடக்கத்தில் காக்ரேன் அமைப்புக்காக ஆராய்ந்தார்கள். குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நார்வேயில் நடந்தது இன்னும் சங்கடமானது. வழுக்கும் சாலையில் வண்டியைச் சமாளிக்கும் பயிற்சியை அங்கே எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். பிறகு கணக்குப் பார்த்தால், இளம் ஆண்கள் வழுக்கும் சாலையில் மோதுவது கூடியிருந்தது. 1988 இல் அந்த ஆய்வு வெளியானது. பயிற்சி பெற்ற பையன் மழையைக் கண்டு வேகத்தைக் குறைப்பதில்லை, 'எனக்குத்தான் தெரியுமே' என்று அழுத்துகிறான். தன் திறமையில் அவனுக்கு வந்த நம்பிக்கை, திறமையை விட வேகமாக வளர்ந்துவிடுகிறது. அதன் பிறகு நார்வே பாடத்தையே மாற்றியது. சறுக்கினால் சமாளிப்பதைக் காட்டிலும் சறுக்காமல் போவதற்கு முக்கியத்துவம்.

பிரிட்டனிலும் கம்பெனிகள் மெல்லக் கை கழுவின. பாஸ் பிளஸ் சான்றிதழுக்குத் தள்ளுபடி தருகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். பதிலாக, காருக்குள் ஒரு கறுப்புப் பெட்டி. எந்த நேரத்தில் ஓட்டுகிறான், எவ்வளவு வேகம், பிரேக்கை எப்படி மிதிக்கிறான் என்று அது சொல்லும். என்ன படித்தாய் என்று கேட்டவர்கள் எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உருப்படியாகப் பலன் தந்ததாக எல்லோரும் காட்டுவது நியூசிலாந்தை. 1987 இல் அந்த நாடு லைசென்ஸைப் படிப்படியாகத் தரத் தொடங்கியது. தேர்வில் தேறிய உடனே முழு உரிமை கிடையாது. இடைப்பட்ட காலத்தில் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக் கூடாது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நண்பர்களை ஏற்றக் கூடாது. இவ்வளவுதான். புதுக் கையிடம் ஆபத்து மொத்தமாகச் சேரும் நேரங்களை எடுத்துவிட்டார்கள். இளம் டிரைவர்களின் விபத்துக் காயங்கள் குறைந்தன. பிறகு ஆஸ்திரேலியாவும் அமெரிக்க மாநிலங்களும் தங்களுக்கு ஏற்றபடி இதைப் பின்பற்றின. காரில் நண்பர்கள் கூடக் கூட இளம் டிரைவரின் ஆபத்தும் கூடுகிறது என்பதை அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. களர்கோட்டுக் காரில் 11 பேர் இருந்தார்கள்.

கேரளத்தில் 2023 இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 4,080 பேர். சும்மா இருந்துவிட்டதாக அரசைக் குறை சொல்ல முடியாது. 2024 இல் போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார் லைசென்ஸ் தேர்வைக் கடுமையாக்கக் கிளம்பினார். பழைய எச் போதாது, பக்கவாட்டில் நிறுத்துவது, மேட்டில் எடுப்பது எல்லாம் வேண்டும் என்றார்கள். அந்த மே மாதம் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் தேர்வு மைதானங்களை முற்றுகையிட்டார்கள். பயிற்சி வண்டிக்கு எத்தனை வயது இருக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை பேரைச் சோதிக்கலாம், ஆசானின் இரண்டாவது பிரேக் வேண்டுமா வேண்டாமா என்று சண்டை. விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. ஜூனில் கே.எஸ்.ஆர்.டி.சி.யே டிரைவிங் ஸ்கூல் திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் இத்தனை ரகளையும் வாசலைப் பற்றி. வாசலைத் தாண்டியவன் முதல் ஆறு மாதம் எப்படிப் போகிறான் என்பதைப் பற்றி ஒரு தரப்பும் வாய் திறக்கவில்லை.

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் ஒரு கதவைத் திறந்து வைத்தது. எவ்வளவு தூரம் ஓட்டுகிறாயோ அதற்கேற்ற பிரீமியம், எப்படி ஓட்டுகிறாயோ அதற்கேற்ற பிரீமியம் என்ற இரண்டையும் சொந்தச் சேதப் பாலிசியோடு கூடுதலாகத் தரலாம் என்று அனுமதித்தது. செல்போன் செயலியோ, வண்டியில் பொருத்தும் சிறு கருவியோ கணக்கு வைக்கும். டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ் என்ற நடுப்படியை இந்தியா தாண்டிக் குதித்துவிட்டது என்று சொல்லலாம். மட்டாஞ்சேரிப் பையனுக்கு இதில் ஒரு தலைவலி. பாலிசி அப்பா பெயரில். மகன் நேற்று ராத்திரி செறாய் கடற்கரை வரை போய் வந்ததை முதலில் அறியப்போவது கம்பெனி, அடுத்தபடி அப்பா. மகனுக்கு இது பிடிக்காது. அப்பாக்களுக்குப் பிடிக்கும் என்று கம்பெனிகளுக்குத் தெரிந்தே இருக்கும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத அப்பாக்களும் இருக்கிறார்கள். நியூசிலாந்து விதியை வீட்டளவில் அமல்படுத்த ஆர்.டி.ஓ. வேண்டியதில்லை. முதல் ஆறு மாதம் இருட்டிய பிறகு நெடுஞ்சாலைக்குத் தனியாகப் போகாதே, பின் சீட்டில் கூட்டாளிகளை ஏற்றாதே, மழைக்காலத்தில் நாலு தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆலப்புழை வரை போய் வருவோம். இதற்குச் சான்றிதழ் கிடையாது, தள்ளுபடியும் கிடையாது.

தள்ளுபடிக்குத் தடை என்ன என்று பார்த்தால், பெரிதாக ஒன்றும் இல்லை. தர்ட் பார்ட்டி பிரீமியம் அரசின் கையில், அதில் கம்பெனிகள் கை வைக்க முடியாது. ஆனால் சொந்தச் சேதப் பகுதிக்கு விலை வைக்கும் சுதந்திரம் 2007 ஜனவரி 1 முதல் அவர்களிடமே இருக்கிறது. முதல் வருடம் முழுவதும் இரவில் வெளியே எடுக்காத, நண்பர்களை ஏற்றாத ஒரு புதிய டிரைவரின் வீட்டுக்கு, திருட்டுத் தடுப்புக் கருவிக்குக் கொடுத்துவந்த அந்த இரண்டரை சதவீதத்தையாவது கொடுத்துப் பார்க்கலாம். கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.